திருவள்ளூரில் பிறந்த இரண்டு கார்கள்: டர்போ பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் விட்டு டீக்கடையில் நிற்கும்போது கார் பேச்சு வந்தால், யாராவது ஒருவர் சீடியாவை இழுக்காமல் விடமாட்டார். மிட்சுபிஷி சீடியா எங்கள் மாவட்டத்துக் கார். திருவள்ளூரை அடுத்த அதிகத்தூரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையிலிருந்து 1998இல் லான்சரும், 2006இல் சீடியாவும் வெளியே வந்தன. பிறகு சில காலம் இசுசு வண்டிகள் அங்கே தயாராயின. 2016இல் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை வந்ததும் இசுசு அங்கே போய்விட்டது. இன்று அதே திருவள்ளூரில் சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. 2024 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த பசால்ட், டர்போ எஞ்சினோடும் கிடைக்கிறது.

இரண்டுக்கும் கம்பெனி வேறு, நாடு வேறு. ஆனால் சொந்தமாக ஓட்டி ரசிக்க ஒரு கார் தேடும் எங்கள் ஊர்க்காரர் பழைய சீடியாவையும் புதிய பசால்ட் டர்போவையும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார். சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் பார்த்து வளர்ந்த ஊர் இது. பேச்சில் சூடு இருக்கும். தப்பும் நிறைய இருக்கும்.

நம்பிக்கை: "இரண்டு லிட்டர் எஞ்சின் முன்னால் 1.2 லிட்டரெல்லாம் நிற்குமா?"

நிற்கும். சீடியாவின் 2.0 லிட்டர் எஞ்சின் தருவது சுமார் 115 குதிரைத்திறன். பசால்ட் டர்போவின் 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சின் தருவது 110. உச்சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் கீழே இருக்கிறது. சீடியாவின் முழு இழுவையான 175 நியூட்டன் மீட்டர் கையில் கிடைக்க எஞ்சின் நான்காயிரம் சுற்றைத் தாண்ட வேண்டும். பசால்ட்டின் 190 நியூட்டன் மீட்டர் 1,750 சுற்றிலேயே வந்துவிடுகிறது. காரனோடை பாலம் தாண்டி கவரைப்பேட்டைப் பக்கம் கம்பி ஏற்றிய டிரெய்லரை முந்த வேண்டும் என்று வையுங்கள். சீடியாக்காரர் கியரைக் குறைத்து எஞ்சினைக் கத்தவிட்டு முந்துவார். பசால்ட்காரர் அதே கியரில் காலை அழுத்தினால் போதும்.

இது டர்போவின் வேலைதான் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். அதே பசால்ட் டர்போ இல்லாமலும் விற்கிறது. அதே 1.2 லிட்டர், அதே மூன்று சிலிண்டர்; திறன் 82, இழுவை 115. சிலிண்டரின் அளவை வைத்து எஞ்சினை எடைபோடும் காலம் போய்விட்டது. எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதுதான் கணக்கு. வீணாகப் போகும் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியாலேயே காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் இந்த யோசனைக்கு ஆல்ஃபிரட் பூச்சி என்ற சுவிஸ் பொறியாளர் 1905இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

நம்பிக்கை: "சீடியாவுக்கு ஒரு டர்போ மாட்டினால் எவோ ஆகிவிடும்."

இந்த ஆசையின் வேர் எனக்குப் புரிகிறது. டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி சாம்பியன் ஆனது மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனில், அதாவது எவோவில். நம் ஊர் லான்சருக்கும் அந்த எவோக்களில் பிந்தியவற்றுக்கும் உடல் ஒரே வம்சம். சீடியாவின் உடலும் அவற்றுக்கடுத்து வந்த எவோக்களின் உடலும் அப்படியே. பெயரும் முகமும் ஒன்றாக இருந்ததால் உள்ளே இருப்பதும் ஒன்றுதான் என்று ஒரு தலைமுறையே நம்பியது.

உள்ளே இருந்தது வேறு. எவோவில் நான்கு சக்கரமும் இழுக்கும். நம் லான்சரிலும் சீடியாவிலும் முன்சக்கரங்கள் மட்டும். எவோவின் எஞ்சின் பிறக்கும்போதே டர்போவுக்கென்று பிறந்தது: அமுக்க விகிதம் குறைவு, பிஸ்டனும் கனெக்டிங் ராடும் அதற்கேற்ற பலம். டர்போ இல்லாத எஞ்சினில் அமுக்கிய காற்றைத் திணித்தால் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும். 'நாக்கிங்' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். பிஸ்டன் உடைய அதிக நாள் ஆகாது. சட்டமும் இடம் கொடுக்காது: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ளதை மாற்றும்படி வண்டியில் கைவைப்பது குற்றம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கிடைப்பதும் சந்தேகம். சீடியாவை ராலிக்குக் கொண்டுபோன எம்.ஆர்.எஃப் அணி அதைச் சீடியாவாகவே தயார்செய்து ஓட்டியது. அந்தப் பெருமையே அதற்குப் போதும்.

நம்பிக்கை: "டர்போ வண்டியை நிறுத்தினால் ஐந்து நிமிடம் ஐடிலில் விட வேண்டும். இல்லாவிட்டால் டர்போ போச்சு."

லாரி ஓட்டிய பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தது இது. அவர்கள் காலத்தில் சரி. காரணத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு ஷெட்டில், கழற்றிய டர்போவை மெக்கானிக் அண்ணன் என் உள்ளங்கையில் வைத்தார். எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றே பெரிய சக்கரம், பென்சில் பருமனில் ஒரு தண்டு. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் அந்தத் தண்டைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆயில் வரும் சிறு குழாயின் வாயை டார்ச் அடித்துக் காட்டினார். அடுப்பை அணைக்க மறந்த தோசைக்கல்லில் எண்ணெய் கருகி ஒட்டியிருக்குமே, அப்படி உள்ளே கரி அப்பியிருந்தது. சூட்டில் எஞ்சினை நிறுத்தியதும் ஆயில் ஓட்டம் நின்று, நின்ற ஆயில் அங்கேயே வெந்துபோனதன் அடையாளம் அது.

இன்றைய பெட்ரோல் டர்போக்கள் பலவற்றில் அந்தத் தண்டின் தாங்கியைச் சுற்றித் தண்ணீரும் ஓடுகிறது. ஊருக்குள் நிதானமாக ஓட்டி வந்து வீட்டு வாசலில் நிறுத்துபவர் காத்திருக்க வேண்டியதே இல்லை. நெடுஞ்சாலையில் விரட்டி வந்து நேராக டோல்கேட் அருகே டீக்கு நிறுத்துபவர் மட்டும் கடைசி ஒரு நிமிடத்தை மெதுவாக ஓட்டட்டும். ஐந்து நிமிடம் ஐடிலில் பெட்ரோலை எரிப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: போன முறை ஆயில் எப்போது மாற்றினீர்கள்? என்ன கிரேடு ஊற்றினீர்கள்? டர்போவைக் கொல்வது அங்கேதான். பழைய சீடியா ஆயில் மாற்றத் தாமதித்தால் கொஞ்சம் பொறுக்கும். டர்போ பொறுக்காது.

நம்பிக்கை: "சின்ன எஞ்சின், மைலேஜ் அள்ளும்."

கால் லேசாக இருந்தால் அள்ளும். அழுத்தினால் உள்ளே போகும் கூடுதல் காற்றுக்கு ஏற்பக் கூடுதல் பெட்ரோலும் போகத்தான் செய்யும்.

நம்பிக்கை: "நம் வெயிலுக்கு டர்போ ஆகாது."

பாதி உண்மை. காற்று 25 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குச் சூடாகும்போது அடர்த்தி சுமார் 5 சதவீதம் குறைகிறது. அந்த நஷ்டம் சீடியா மாதிரி எஞ்சினுக்கு அப்படியே நஷ்டம். டர்போவால் கொஞ்சம் கூடுதலாக அமுக்கி அதில் ஒரு பகுதியை ஈடுகட்ட முடியும். ஆனால் அமுக்கிய காற்று சூடேறும். அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு எதிர்க்காற்று வேண்டும். மே மாதப் பகலில் சிப்காட் வாசலில் கன்டெய்னர்களுக்கு நடுவே ஊர்ந்தால் எதிர்க்காற்று எங்கே வரும்? அப்போது கம்ப்யூட்டர் எஞ்சினைக் காக்க இழுவையைக் குறைக்கும். வண்டி சோம்பலாகத் தெரிவது அதனால்தான். பழுது என்று நினைக்க வேண்டாம். சாலை கிடைத்து ஓடத் தொடங்கினால் சரியாகிவிடும்.

நம்பிக்கை: "டர்போ வந்துதான் ஓட்டும் சுகமே போச்சு."

இதை நான் மிகவும் மதிக்கும் மனிதர்களே சொல்கிறார்கள். ஆனாலும் மறுக்கிறேன். சீடியாவில் மனம் பறிகொடுத்தவர்கள் எஞ்சினுக்காகப் பறிகொடுக்கவில்லை. அதன் பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே வேலைசெய்யும் மல்டிலிங்க் சஸ்பென்ஷன். ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றது அசையாது. தாழ்ந்த உடல். ரோட்டின் சொரசொரப்பை உள்ளங்கைக்குச் சொல்லும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங். பசால்ட் உயரமான கார், பின்னால் இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே பீம், ஸ்டீயரிங்குக்கு மின்மோட்டார். இவற்றில் எதுவும் டர்போ செய்த மாற்றம் இல்லை. குழி விழுந்த ரோட்டுக்கும், உயரமாக உட்காரும் ஆசைக்கும், விலைக்கும் ஏற்பக் கம்பெனி எடுத்த முடிவுகள்.

ஒரு ஞாயிறு விடியலில் பூண்டி ஏரிப் பக்கம் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினேன். நேர்ச்சாலையில் பசால்ட் சிரமமே இல்லாமல் முன்னால் போயிற்று. வளைவில் சீடியாவின் ஸ்டீயரிங்கைத் திருப்பியபோது, முன்டயர் சரளைக்கல்லைத் தொட்டது என் விரலுக்குத் தெரிந்தது.