மின்னோட்டம் கூடினால் குளிர்ச்சி கூடுமா?

சித்திரை வெயிலில் வந்தவாசியில் இயங்கும் ஒரு கணிப்பொறியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் சில்லின் சூட்டைக் குழாய்நீர் ஏந்திச் செல்கிறது. விசிறிக் காற்று அந்நீரை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது. பெல்டியர் தகடு கொண்டுபோகும். இருவேறு உலோகங்களின் சந்தியில் மின்னோட்டம் பாய்ந்தால், அதன் திசைக்கேற்ப வெப்பம் உறிஞ்சப்படும் அல்லது வெளிப்படும் என்பதைப் பெல்டியர் 1834-இல் கண்டார். இன்றைய தகடுகளில் உலோகங்களுக்குப் பதில் குறைகடத்திகள் உள்ளன.

மாணவர்களே, மின்னோட்டத்தை இருமடங்காக்கினால் குளிர்ச்சியும் இருமடங்காகுமா? ஆகாது. உறிஞ்சப்படும் வெப்பம் மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். தகட்டினுள் எழும் ஜூல் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். அதில் பாதி குளிர்முகத்துக்கே வந்து சேரும்.

ஒரு கணக்கு: தகடு ஆம்பியருக்கு 15 வாட் உறிஞ்சுகிறது, மின்தடை 2 ஓம், இரு முகங்களும் ஒரே வெப்பநிலையில் உள்ளன எனக் கொள்வோம்.

3 ஆம்பியர்: 45 − 9 = 36 வாட்
6 ஆம்பியர்: 90 − 36 = 54 வாட்
9 ஆம்பியர்: 135 − 81 = 54 வாட்

6-க்கும் 9-க்கும் குளிர்ச்சி ஒன்றே; மின்செலவோ 72 வாட்டிலிருந்து 162 வாட்டாகிறது!

6 ஆம்பியரைப் பாதி நேரம் மட்டும் விட்டுவிட்டுச் செலுத்தினால்? சராசரி 3 ஆம்பியர்தான். ஆனால் குளிர்ச்சி 27 வாட். செலவு 36 வாட். சீரான 3 ஆம்பியரோ 18 வாட் செலவில் 36 வாட் குளிர்ச்சி தரும். ஆகவே சீரான நேர்மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைப்பதே சிக்கனம்.

குளிர்ச்சிக்கும் எல்லை உண்டு. குளிர்ந்த மோர்ச் சொம்பின் வெளிப்புறத்தில் நீர் முத்துமுத்தாய்ப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். குழாயும் பனிநிலைக்குக் கீழே குளிர்ந்தால், அதே நீர் மின்சுற்றின்மேல் சொட்டும். வெப்பமானியைப் பார்த்து, அதற்கு முன்பே மின்னோட்டத்தைக் குறைத்துவிட வேண்டும்.