பனியன் வெள்ளையும் டிவி வெள்ளையும்

திருப்பூரில் ஷேடு பற்றிப் பேச்சு வந்தால், எந்த வெளிச்சத்தில் பார்த்தது என்று கேட்காமல் யாரும் பதில் சொல்வதில்லை. சாயப்பட்டறையிலும் எக்ஸ்போர்ட் கம்பெனியிலும் இதற்காகவே ஒரு லைட் பாக்ஸ் வைத்திருக்கிறார்கள். டி65 விளக்கைப் போட்டால் பகல் வெளிச்சத்துக்கு நிகரான ஒளி, டிஎல்84 போட்டால் ஐரோப்பியக் கடைகளின் டியூப்லைட் ஒளி. ஒன்றில் அச்சாக ஒத்துப்போகும் இரண்டு துணிகள் மற்றொன்றில் பிரிந்து தெரியும். பையர் சரக்கைத் திருப்பி அனுப்ப அந்த வித்தியாசம் போதும். இவ்வளவு கறாரான கண்களை வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் 1990களின் கல்யாண கேசட்டையும் பழைய எம்.ஜி.ஆர். படத்தையும் கடைக்காரர் வைத்துக்கொடுத்த ‘விவிட்’ மோடிலேயே பார்க்கிறோம். முகங்கள் அகன்று கிடக்கின்றன, சேலையின் சிவப்பு கரை தாண்டி வழிகிறது, தோல் மெழுகு பூசியதுபோல் இருக்கிறது. பழைய கேசட், அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். கேசட்டின் பங்கு அதில் கொஞ்சம்தான். பழைய படத்தை ‘நன்றாக்குவதற்கு’ டிவி தானாகச் செய்யும் வேலைகள்தான் அதைப் பெரும்பாலும் கெடுக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வருவதுதான் சரியான செட்டிங் என்பது என் கட்சி.

முதலில் வெள்ளையை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மற்ற நிறங்கள் எல்லாம் அதன் மேல்தான் உட்காருகின்றன. லைட் பாக்ஸில் இருக்கிற அதே டி65தான் தொலைக்காட்சிக்கும் அளவுகோல். ஏறக்குறைய 6500 கெல்வின். இந்தியா பின்பற்றிய பால் (PAL) ஒளிபரப்பு முறையிலும், பிறகு வந்த எச்டியிலும் வெள்ளை என்றால் அந்த வெள்ளைதான். ஆனால் கடையில் வரிசையாக எரியும் டிவிகளில் கண்ணைப் பறிப்பது நீலம் கலந்த வெள்ளை. அதனால் ‘விவிட்’, ‘டைனமிக்’ மோடுகளில் கலர் டெம்பரேச்சர் ‘கூல்’ என்று வைக்கப்பட்டு 9000 கெல்வினையும் தாண்டிப் போகிறது. இந்தத் தந்திரம் பனியன் ஊருக்குப் புதிதல்ல. வெள்ளை பனியனுக்கு ஆப்டிகல் பிரைட்னர் போடுவது எதற்கு? கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பித் தருவதற்கு. நீலம் ஏறிய வெள்ளையைக் கண் ‘அதிக வெள்ளை’ என்று எடுத்துக்கொள்கிறது. பனியனில் அதில் தவறில்லை, வாங்குபவர் கேட்பதே அதைத்தான். டிவியில் அதையே செய்தால் மாப்பிள்ளையின் பட்டு வேட்டி சலவை வேட்டியாகிவிடும், மஞ்சள் பூசிய முகம் சோகை பிடித்த முகமாகிவிடும். பிக்சர் மோடை ‘மூவி’, ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்று மாற்றி, கலர் டெம்பரேச்சரை ‘வார்ம்’ ஆக்குங்கள். ‘வார்ம் 1’, ‘வார்ம் 2’ என்று இரண்டு இருந்தால் இரண்டாவதுதான் பெரும்பாலும் டி65க்கு அருகில் நிற்கும்.

உடனே எழும் புகார், படம் மஞ்சளடிக்கிறது என்பது. நம் வீடுகளில் எரியும் ‘கூல் டேலைட்’ டியூப்லைட்டும் எல்இடி பல்பும் 6500 கெல்வின்தான். அந்த வெளிச்சத்தில் டி65 வெள்ளை மஞ்சளாகத் தெரிய நியாயமில்லை. மஞ்சள் என்று தோன்றுவது முந்தின நிமிடம் வரை பார்த்த நீலத்தோடு ஒப்பிடுவதால்தான். சில நாள் பார்த்தால் கண் பழகிவிடும். பிறகு பழைய மோடுக்குத் திரும்பிப் பார்த்தால் அதுதான் உறுத்தும். பகலில் ஹாலில் படம் மங்கலாக இருக்கிறது என்பவர்கள் ‘பேக்லைட்’டை ஏற்றிக்கொள்ளலாம். ‘காண்ட்ராஸ்ட்’டையும் ‘கலர்’ அளவையும் தொட வேண்டாம். பேக்லைட் வெளிச்சத்தை மட்டும் கூட்டும், மற்ற இரண்டும் படத்தையே மாற்றும். இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது: அந்தக் காலத்துக் குழாய் டிவிகளே நீலமாகத்தானே காட்டின, அப்படியானால் ‘அசல்’ எது? உண்மைதான். பல பெட்டிகள், முக்கியமாகக் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள், நீல வெள்ளையில்தான் எரிந்தன. ஆகவே கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மட்டும் ‘வார்ம்’ வேண்டாம் என்பவரோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். சாம்பல் நிறம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அங்கே பெரிய சேதமில்லை. கலர் படத்தில் அப்படி விட்டுக்கொடுக்க முடியாது. அங்கே வெள்ளை சாய்ந்தால் முகத்தின் நிறமும் கூடவே சாயும்.

நிறத்தைவிடப் பெரிய அநியாயம் நடப்பது படத்தின் அகலத்தில். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு முந்தைய ‘பராசக்தி’யும் ‘திருவிளையாடலும்’ ஏறக்குறையச் சதுரச் சட்டத்துக்குள் எடுக்கப்பட்டவை. 1975இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியதிலிருந்து 1993இல் வந்த சன் டிவியின் முதல் பல ஆண்டுகள் வரை எல்லாமே 4:3. கல்யாண கேசட்டும் விசிடியும் அப்படியே. இன்றைய டிவி 16:9. அந்தப் படத்தை இந்தத் திரை முழுக்க இழுத்தால் அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. இழுக்காமல் ‘ஜூம்’ செய்தால் மேலும் கீழுமாகப் படத்தில் கால் பங்கு வெட்டுப்படுகிறது. காலருக்குக் கீழே தொடங்கி முட்டிக்கு மேலே முடியும் சிவாஜியைப் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம். பக்கத்துக்கொரு கறுப்புப் பட்டையோடு 4:3 ஆகவே வைப்பதுதான் முறை. இதற்கு வரும் எதிர்வாதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 55 அங்குலத்துக்குக் காசு கொடுத்துவிட்டு எதற்குத் திரையில் இடத்தைச் சும்மா விடுவது? சும்மா விடுகிற இடம் கால் பங்கு. எஞ்சிய பகுதியில் தெரியும் படமே ஏறக்குறைய 45 அங்குலப் பெட்டிக்குச் சமம், 1990களில் பெரும்பாலான வீடுகளில் இல்லாத அளவு. டயா (அகலம்) பத்தவில்லை என்று துணியைக் காம்பாக்டிங்கில் அளவுக்கு மீறி இழுத்துக் காட்டினால் முதல் சலவையில் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சிக்கல் என்னவென்றால், இழுப்பது டிவி மட்டுமல்ல. செட்டாப் பாக்ஸுக்குள்ளும் ஒரு ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’ மெனு இருக்கிறது. சில சேனல்கள் ஒளிபரப்பும்போதே பழைய படத்தை 16:9க்கு இழுத்துத்தான் அனுப்புகின்றன. யார் இழுத்தது என்று கண்டுபிடிக்க ஒரு வட்டம் போதும். நெற்றிப் பொட்டு, தேர்ச் சக்கரம், சுவர்க்கடிகாரம், நேராகத் தெரியும் எதுவும் சரி. செட்டாப் பாக்ஸில் ‘பில்லர்பாக்ஸ்’, டிவியில் ‘ஒரிஜினல்’ அல்லது ‘ஆட்டோ’ என்று வைத்த பிறகும் வட்டம் முட்டையாகவே இருந்தால் இழுத்தது சேனல். அப்போது டிவியை 4:3க்கு மாற்றினால் இழுத்தது திரும்ப ஒடுங்கிச் சரியாகிவிடும். ஜூமுக்கும் நியாயமான இடம் ஒன்று உண்டு. சினிமாஸ்கோப் படங்களின் பழைய டிவிடிகள் சிலவற்றில் 4:3 சட்டத்துக்குள்ளேயே மேலும் கீழும் கறுப்பைச் சேர்த்துப் பதிந்திருப்பார்கள். அதை அகலத் திரையில் போட்டால் நாலு பக்கமும் கறுப்பு சூழ்ந்து படம் நடுவில் சுருங்கிக் கிடக்கும். அங்கே ஜூம் வெட்டுவது வெறும் கறுப்பைத்தான், தாராளமாகச் செய்யலாம்.

அடுத்தது ‘ஷார்ப்னெஸ்’. விஎச்எஸ் நாடாவில் குறுக்குவாட்டில் ஏறக்குறைய 240 கோடுகள் அளவுக்குத்தான் விவரம் தேறும். வண்ணத்துக்கு அதுகூட இல்லை, 40 கோடுகள் அளவுதான். விசிடி 352க்கு 288 புள்ளிகள். 4கே திரையை நிரப்ப, அதன் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு டிவி எண்பது புள்ளிகளை ஊகிக்க வேண்டியிருக்கிறது. இல்லாத விவரத்தை ஷார்ப்னெஸ் எங்கிருந்தும் கொண்டுவராது. இருக்கும் விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டு, நாடாவின் இரைச்சலையும் கூட்டிக் காட்டும். கேசட்டில் பெயர் போடும் இடத்தில் நிறுத்தி, எழுத்தைச் சுற்றியுள்ள அந்த வெள்ளைக் கோடு மறையும் வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். சில டிவிகளில் அது பூஜ்யத்தில் போகும், சிலவற்றில் நடு அளவிலேயே போய்விடும். ஆகவே பொதுவான எண் ஒன்றைச் சொல்வதில் பயனில்லை. ‘கலர்’ அளவுக்கும் இதே நியாயம். மங்கிய கேசட்டுக்கு வண்ணம் ஏற்றினால் பழைய பொலிவு வரும் என்று நம்புகிறவர்கள் கூறைச்சேலையை உற்றுப் பார்க்கட்டும். சிவப்பு சேலைக்குள் நிற்காமல் பக்கத்தில் நிற்பவரின் சட்டை மேல் ஏறியிருக்கும். நாடாவில் வண்ணத்துக்குக் கிடைத்த இடம் அவ்வளவு குறைவு, ஏற்ற ஏற்ற அந்தக் கசிவும் ஏறும். சாயம் ஒட்டாத துணிக்கு மேலும் சாயம் ஊற்றுவதில் என்ன பலன்? ‘மோஷன் ஸ்மூத்திங்’ எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடலாம். நொடிக்கு 24 சட்டமாக எடுத்த சினிமாவுக்கு இடையிடையே டிவி தானாகச் சட்டங்களைச் செருகும்போது படம் சீரியல் போலாகிவிடுகிறது. ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ ஒன்றில் மட்டும் என் விதியைத் தளர்த்துவேன். விசிடியின் கட்டம் கட்டமான உடைசலை மிகக் குறைந்த அளவு நாய்ஸ் ரிடக்‌ஷன் சற்று ஆற்றும். அதற்கு மேல் வைத்தால் தோலெல்லாம் மெழுகாகும்.

கேசட்டை பென்டிரைவுக்கு மாற்றக் கொடுக்கும்போது ஸ்டூடியோவில் என்ன சொல்கிறோம் என்பது டிவி செட்டிங் எல்லாவற்றையும்விட முக்கியம். ‘எச்டி பண்ணிக் கொடுங்க’ என்றால் பல இடங்களில் 16:9க்கு இழுத்தோ வெட்டியோ கொடுத்துவிடுகிறார்கள். இழுத்ததை டிவியில் ஒடுக்கிக்கொள்ளலாம், வெட்டிய தலை திரும்ப வராது. 4:3 மாறக்கூடாது, வண்ணம் ஏற்றக்கூடாது, ஓரம் வெட்டக்கூடாது என்று மூன்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நொடிக்கு 50 அரைச்சட்டங்களாகப் பதிவான வீடியோவை அரைகுறையாக மாற்றினால் கை அசையும் இடத்திலெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடுகள் வரும். அதற்கு டிஇன்டர்லேஸ் செய்து தரச் சொல்லுங்கள், 50 அசைவுகளும் கெடாமல் இருக்கட்டும். முழுக் கேசட்டையும் கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடத்தை மட்டும் மாற்றி வாங்கி, வீட்டு டிவியில் போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. படத்தின் அடியில் சில கோடுகள் கிழிந்து நெளிவதைப் பார்த்து நாடா கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். விஎச்எஸ் பதிவு எல்லாவற்றிலும் அது உண்டு, பழைய குழாய் டிவி ஓரங்களைச் சற்று மறைத்தே காட்டியதால் நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். உறுத்தினால் அந்த இன்புட்டுக்கு மட்டும் ‘ஓவர்ஸ்கேன்’ போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான டிவிகள் செட்டிங்கை இன்புட்வாரியாக நினைவில் வைத்துக்கொள்கின்றன. பென்டிரைவுக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று என்று தனித்தனியாகவே வைக்க வேண்டும், ஒன்றில் வைத்தது மற்றதற்கும் வந்திருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

கேசட் செருகி ஆடும் அந்தக் கால டிவி கேமுக்கு வந்தால் சங்கதி கொஞ்சம் மாறுகிறது. இங்கே நிறத்தைவிட நேரம் முக்கியம். பட்டனை அழுத்தியதற்கும் மரியோ குதிப்பதற்கும் நடுவே டிவி படத்தை மெருகேற்றிக்கொண்டிருந்தால் குழி தாண்ட முடியாது. ‘கேம் மோடு’ அந்த மெருகேற்றும் வேலைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தித் தாமதத்தைக் குறைக்கிறது. மோடு மாறினால் கலர் டெம்பரேச்சர் மறுபடி ‘கூல்’ ஆகியிருக்கும், அதைத் திரும்ப ‘வார்ம்’ ஆக்கிக்கொள்ளுங்கள். ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும் மலிவான கன்வர்ட்டர்கள் படத்தை அகலமாக இழுத்தே தருகின்றன, அங்கும் டிவியை 4:3க்கு மாற்ற வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் சில குறைகள் போகாது. இந்த கேம் மிஷின்கள் அனுப்பும் படம் அரைச்சட்டங்களாகப் பிரிந்தது அல்ல. டிவியோ அப்படிப் பிரிந்ததாக நினைத்து இரண்டிரண்டாகச் சேர்க்கப் பார்க்கிறது. அதனால் அடிபட்ட வீரன் மினுக்கும் இடத்தில் அவன் கோடுகோடாகிறான், அல்லது காணாமலே போகிறான். துப்பாக்கியால் வாத்து சுடும் கேமுக்கு எந்த செட்டிங்கும் உதவாது. விசையை இழுத்த கணத்தில் திரை கறுத்து, வாத்து நிற்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கியின் முனையில் இருக்கும் ஒளியுணரி அந்தக் கணத்தில் அந்த வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும். எல்சிடியில் அது பிந்தி வருவதால் எத்தனை சுட்டாலும் குறி தப்பும்.

அந்த ஆட்டத்துக்குக் குழாய் டிவிதான் வழி, அது நம் ஊரில் அரிதும் அல்ல. 2006 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் திட்டத்தில் வீடு வீடாக வந்த 14 அங்குல இலவச கலர் டிவிகளில் ஓடுகிறவை இன்னும் பரண்களிலும் பழைய இரும்புக் கடைகளிலும் கிடக்கின்றன. ஏவி துளை இருந்து, படம் நாலு மூலையிலும் நேராக நின்று, வெள்ளையில் ஒரு பக்கம் மட்டும் பச்சையோ சிவப்போ படராமல் இருந்தால் வாங்கலாம். படம் கலங்கலாக இருந்தால் முன்பக்கக் குமிழ்களையும் ரிமோட்டையும் மட்டும் தொடுங்கள். பின்மூடியைக் கழற்றாதீர்கள். அணைத்த பிறகும் அந்தக் குழாயில் ஆளைத் தூக்கியடிக்கும் அளவுக்கு மின்னேற்றம் தங்கியிருக்கும். உள்ளே திருக வேண்டியது இருந்தால் குழாய் டிவி பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம்.