டோனி பார்க்கர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்காக 17 சீசன்கள் ஆடி, நான்கு பட்டங்களை வென்றவர் பிரெஞ்சு வீரர் டோனி பார்க்கர். 2023-இல் அமெரிக்காவின் கூடைப்பந்துப் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார். ஆனாலும் அவரைப் பற்றி ரசிகர்களிடையே உலவும் சில கதைகள், அந்தப் புகழுக்காக அவர் சிந்திய வியர்வையை மறைத்துவிடுகின்றன.

நம்பிக்கை: என்பிஏவில் ஆடிய முதல் பிரெஞ்சுக்காரர் பார்க்கர்.

உண்மை: அந்தப் பெருமை 1997-இல் சாக்ரமென்டோ கிங்ஸ் அணியில் சேர்ந்த தாரிக் அப்துல்-வஹாதுக்கு உரியது. பார்க்கர் வந்தது 2001-இல். என்பிஏ இறுதித் தொடரின் மிகச்சிறந்த வீரர் விருதைப் பெற்ற முதல் ஐரோப்பியர் என்பதே அவருடைய தனிச்சிறப்பு.

நம்பிக்கை: பார்த்த மாத்திரத்தில் ஸ்பர்ஸ் அவரைக் கொத்திக்கொண்டது.

உண்மை: சிகாகோவில் நடந்த முதல் தேர்வுப் பயிற்சியில் அவர் சோபிக்கவில்லை. பயிற்சியாளர் கிரெக் போபோவிச் கிட்டத்தட்ட வேண்டாம் என்றே முடிவுகட்டியிருந்தார். பழைய ஆட்டப் பதிவுகளைப் பார்த்த பிறகே இன்னொரு வாய்ப்புத் தந்தார். அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 27 பேர் எடுக்கப்பட்ட பிறகுதான் பார்க்கரின் பெயர் ஒலித்தது. கிடைத்த வாய்ப்பை அவர் வீணாக்கவில்லை. முதல் சீசனின் ஐந்தாவது ஆட்டத்திலேயே தொடக்க ஐவரில் ஒருவரானார்.

நம்பிக்கை: பட்டங்களை வென்று தந்தவர் சக வீரர் டிம் டங்கன், பார்க்கர் பந்தைக் கொடுத்தவர் மட்டுமே.

உண்மை: அந்த அணியின் தூண் டங்கன்தான். ஆனால் 2007 இறுதித் தொடரில் கிளீவ்லாந்து அணியை ஸ்பர்ஸ் 4-0 என்று வீழ்த்தியபோது, ஆட்டத்துக்குச் சராசரியாக 24.5 புள்ளிகள் குவித்தவர் பார்க்கர். உயரம் 6 அடி 2 அங்குலம்; என்பிஏ அளவில் அது குட்டைதான். இருந்தும் நெடிய வீரர்கள் காவல் நிற்கும் கூடையடிக்கே பாய்ந்து செல்வார். அவர்கள் தடுக்க எழும்புவதற்குள், ஓடுகிற வேகத்திலேயே அவர்களின் கைகளுக்கு மேலே பந்தை மிதக்கவிட்டு வலைக்குள் இறக்குவார். தொலைவிலிருந்து எறிவதில் இருந்த குறையையும், 2005-இல் ஸ்பர்ஸில் சேர்ந்த பயிற்சியாளர் சிப் எங்கலண்டிடம் எறியும் முறையையே மாற்றிக்கொண்டு சரிசெய்தார். வெற்றிபெற்ற பிறகும் பாடம் கேட்கத் தயங்காத அந்தக் குணம் போற்றத்தக்கது.

நம்பிக்கை: நடிகை ஈவா லாங்கோரியாவை மணந்ததால் பிரபலமானவர்.

உண்மை: திருமணம் நடந்தது 2007 ஜூலையில். அதற்குள் அவர் மூன்று பட்டங்களும் இறுதித் தொடரின் மிகச்சிறந்த வீரர் விருதும் பெற்றாயிற்று. 2011-இல் மணமுறிவுக்குப் பிறகும் 2014-இல் நான்காவது பட்டம் வந்தது. பத்திரிகை வெளிச்சம் கூடியது உண்மைதான். வெற்றிகள் களத்தில் கிடைத்தவை.

நம்பிக்கை: அமெரிக்கா போனவர் பிரான்ஸை மறந்துவிட்டார்.

உண்மை: நீண்ட என்பிஏ சீசன் முடிந்து, உடல் ஓய்வு கேட்கும் கோடையில் அவர் நாட்டு அணிக்கு ஆடினார். 2013 ஐரோப்பியச் சாம்பியன்ஷிப் அரையிறுதியில், ஸ்பெயினுக்கு எதிராக 32 புள்ளிகள் எடுத்தார். அடுத்து லிதுவேனியாவை வென்று பிரான்ஸ் தன் முதல் ஐரோப்பியத் தங்கத்தைப் பெற்றது. வில்லர்பான் நகரின் ஆஸ்வெல் கிளப்பில் முதலீடு செய்து, 2014-இல் அதன் தலைவருமானார். இன்றைய நட்சத்திரம் விக்டர் வெம்பன்யாமா 2021-22 சீசனில் ஆடியது அந்தக் கிளப்புக்குத்தான். தான் சம்பாதித்ததைத் தன் நாட்டு இளைஞர்கள் ஆடும் களத்தில் போட்ட ஒருவரை, ஊரை மறந்தவர் என்பது அநியாயம்.