ஓட்டிசம் நீங்க வேண்டுமா? அவர்களையே கேட்போம்

எரிக்கோ நகருக்கு வெளியே, வழியோரம் இருந்து பிச்சை கேட்டவன் குருடனான பர்த்திமேயு. அவன் கூவியழைத்தபோது பலர் அவனை அதட்டினர். ஆண்டவரோ நின்று, அவனை அழைப்பித்து, தாம் அவனுக்குச் செய்ய வேண்டியது யாதென வினவினார் (மாற். 10, 46-52). அவனுடைய குறை அங்கு நின்ற எல்லோருக்கும் தெரிந்ததே. ஆயினும் அவன் விருப்பத்தை அவன் வாயால் கேட்டறிந்த பின்னரே ஆண்டவர் குணமளித்தார்.

ஓட்டிசம் உள்ளவர்களிடம் நாம் இவ்வாறு கேட்பதுண்டா? அது நீங்க வேண்டுமென நேர்த்தி வைக்கிறோம், மருந்து தேடுகிறோம். அவர்களும் அதைத்தான் விரும்புகிறார்களா?

ஓட்டிசம் என்பது யாது?

மதியிறுக்கம் என்றும் இதனை அழைப்பர். இது தொற்றுநோயன்று, பைத்தியமுமன்று. மூளையின் வளர்ச்சியில் இளமையிலிருந்தே அமைந்த வேறுபாடாகும். பேசுவதும், பிறருடன் பழகுவதும், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை உணர்வதும் இவர்களுக்கு வேறுவிதமாக இருக்கும். ஒருவர் பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பார். இன்னொருவர் வாழ்நாள் முழுவதும் பேசாதிருப்பார்.

1943ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் டொக்டர் லியோ கனர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி இதனை உலகறியச் செய்தார். பின்னர் பல்லாண்டுகளாகத் தாயின் அன்புக் குறைவே காரணமென அறிஞர் சிலர் பழி சுமத்தினர். இத்தகைய மகனொருவனின் தந்தையான உளவியலாளர் பேர்னாட் றிம்லன்ட் 1964இல் எழுதிய நூல் அப்பழியை மறுத்தது. பிறவிக் குருடனின் நிலைக்கு அவனுடைய பாவமோ பெற்றோரின் பாவமோ காரணமல்ல என்று ஆண்டவர் சீடருக்கு உணர்த்தியதும் (அரு. 9, 1-3) இதுவேயன்றோ!

அவர்கள் சொல்வது என்ன?

1993இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் நடந்த மாநாடொன்றில் ஓட்டிசம் உள்ளவரான ஜிம் சின்கிளேர் பெற்றோருக்கென ஓர் உரை வழங்கினார். தாம் எதிர்பார்த்த பிள்ளை கிடைக்கவில்லையே எனப் பெற்றோர் துயருறுவது இயல்பு; ஆனால் இருக்கும் பிள்ளைக்காக அழவேண்டாம் என்பதே அவர் கருத்து. ஓட்டிசம் தம்மிலிருந்து பிரித்தெடுக்கக்கூடிய ஒன்றல்ல என்றும், அது இல்லாதிருந்தால் நன்று என்று கூறுவது தாமே இல்லாதிருந்தால் நன்று என்பதாகவே தம் காதில் விழுகிறது என்றும் அவர் விளக்கினார்.

கால்நடை விஞ்ஞானப் பேராசிரியையான ரெம்பிள் கிறாண்டின் அம்மையார், கைச்சொடுக்கில் ஓட்டிசம் நீங்குமாயினும் தாம் அதை விரும்பமாட்டார் என்று கூறியவர். ஆனால் தம்மை வாட்டிய கடும் பதற்றத்திற்கு மருந்து உட்கொண்டதையும் அவர் மறைக்கவில்லை.

வேறு சிலரோ, தமக்கு இது வேதனையே, குணமாக்கும் மருந்து வந்தால் ஏற்போம் என்கின்றனர். வலிப்பினாலும் உறக்கமின்மையாலும், தன்னையே அடித்துக் காயப்படுத்துவதாலும் வருந்தும் பிள்ளையின் தாய் தந்தையர் குணம் வேண்டுவதை எவரும் குறைகூற முடியாது. எனவே எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை.

நாம் கற்க வேண்டியவை

முதலாவது: வேதனை வேறு, ஆள் வேறு. வலிப்புக்கு மருந்தும், பேச்சுக்குப் பயிற்சியும், பதற்றத்துக்கு ஆறுதலும் தேடுவது நம் கடமை. ஆனால் கைகளை அசைப்பதும், தனித்திருக்க விரும்புவதும், ஒரே பொருளை ஓயாது ஆராய்வதும் நோயல்ல. அவை அப்பிள்ளையின் சுபாவம்.

இரண்டாவது: ஓட்டிசத்தை அடியோடு நீக்கும் மருந்து எதுவும் இன்றில்லை. உண்டென்று கூறிப் பணம் பறிப்போரிடம் எச்சரிக்கை தேவை. உடலிலிருந்து உலோகங்களை வெளியேற்றுவதாகச் சொல்லி ஏற்றப்பட்ட மருந்தினால் 2005இல் அமெரிக்காவில் ஒரு சிறுவன் உயிரிழந்தான்.

மூன்றாவது: குணமாக்கும் ஆராய்ச்சி, கருவிலேயே கண்டறிந்து அழிப்பதில் போய் முடியுமோ என ஓட்டிசம் உள்ள பலர் அஞ்சுகின்றனர். டவுண் சின்ட்றோம் உள்ள சிசுக்களுக்குப் பல நாடுகளில் நேர்ந்தது அதுவே. ஒவ்வொரு மனிதரும் இறைவனின் சாயல் எனப் படிப்பிக்கும் திருச்சபை இதற்கு ஒருபோதும் இணங்காது.

நான்காவது: பேசாத பிள்ளையும் பதில் சொல்கிறது. படத்தைச் சுட்டிக்காட்டும், எழுதும், காதைப் பொத்தும், ஓடி ஒளியும். இவையெல்லாம் அதன் மொழியே.

2014 நவம்பரில் இவர்களையும் இவர்கள் குடும்பத்தாரையும் வத்திக்கானில் சந்தித்த மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ், இவர்களைச் சூழ்ந்துள்ள தனிமையையும் அவப்பெயரையும் தகர்க்க வேண்டுமென வலியுறுத்தினார். அப்பணி நம் பங்கிலேயே தொடங்கலாம். திருப்பலி வேளையில் ஒரு பிள்ளை எழுந்து நடந்தால் தாயை முறைத்துப் பாராதிருப்போம். திருவிழாவின் வெடியோசையும் ஒலிபெருக்கியும் எவரைத் துன்புறுத்துகின்றன என்று விசாரிப்போம். முதல் நன்மைக்கான ஆயத்தத்தை அப்பிள்ளைக்கு ஏற்ற விதத்தில் அமைக்குமாறு பங்குக் குருவிடம் கேட்போம்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் அயலில் ஓட்டிசம் உள்ளவர் எவர்? அவருடைய விருப்பத்தை நாம் என்றாவது கேட்டதுண்டா?

2. நாம் அவருக்காகச் செபிக்கும்போது எதைக் கேட்கிறோம்? அவர் தமக்காக எதைக் கேட்பார்?

3. அவருடைய பெற்றோரின் சுமையில் எதனை இவ்வாரம் நாம் பகிர்ந்துகொள்ளலாம்?