படைக்கலமும் முதற் சீலமும்



திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதாமல் நம் கூட்டம் எதுவும் தொடங்குவதில்லை. அவற்றுள் முதற் சீலம் உயிர்க்கொலையினின்று விலகி நிற்றல். நம்மில் பெரும்பாலோர் எவரையும் கொன்றவரல்லர். ஆதலின் இச்சீலம் நமக்கு எளிதாகக் கைவந்துவிட்டது என்று எண்ணிவிடுகிறோம். ஆயினும், குற்றமறியாதோர் பலர் ஒரே நாளில் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி காதில் விழும்பொழுது, நம் உள்ளத்தில் துயரமும் சினமும் அச்சமும் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. அவற்றை என்செய்வது? கொலைக் கருவியை அரசு அடக்கி வைத்தல் வேண்டுமா, மனிதன் மனத்தைத் திருத்தினால் போதாதா? இவ்வினாக்களே இவ்விதழின் பாடம்.

1. டன்பிளேன் ஊரில் நிகழ்ந்தது

ஸ்காட்லாந்தில் டன்பிளேன் ஒரு சிற்றூர். 1996-ஆம் ஆண்டு மார்ச்சு 13-ஆம் நாள் காலை ஒன்பதரை மணிக்குப் பின், அவ்வூர்த் தொடக்கப்பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் ஐந்தும் ஆறும் வயதுடைய குழந்தைகள் கூடியிருந்தனர். நான்கு கைத்துப்பாக்கிகளோடு உள்ளே புகுந்த ஒருவன் மூன்று நான்கு நிமிடங்களுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட முறை சுட்டான். 16 குழந்தைகளும் அவர்களுடைய ஆசிரியை ஒருவரும் மாண்டனர். பின்னர் அவன் தன்னையும் சுட்டுக்கொண்டு மடிந்தான். அவன் பெயர் நம் பாடத்திற்கு வேண்டுவதன்று.

நாம் ஊன்றி நோக்க வேண்டியது வேறொன்று. அத்துப்பாக்கிகள் களவாடப்பட்டவை அல்ல. சட்டப்படி உரிமச் சீட்டுப் பெற்று வாங்கப்பட்டவை. அவனிடமிருந்து அச்சீட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்று காவல்துறை அதிகாரி ஒருவர் 1991-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருந்தார். அக்குறிப்பின்மேல் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. இதற்கும் முன்னர், 1987-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள், இங்கிலாந்தின் ஹங்கர்போர்டு என்னும் ஊரில் ஒருவன் 16 பேரைச் சுட்டுக் கொன்றிருந்தான். அதன் விளைவாக 1988-இல் வந்த சட்டம் தானே குண்டேற்றிக்கொள்ளும் நீள்துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைத் தடுத்தது, கைத்துப்பாக்கிகளை விட்டுவிட்டது. பாதி கற்ற பாடத்தின் மறுபாதியை எட்டு ஆண்டுகள் கழித்துக் குழந்தைகளின் உயிரைக் கொடுத்துக் கற்க நேர்ந்தது.

2. துயரம் எவ்வழிச் சென்றது?

இத்தகைய செய்தியைக் கேட்டவுடன் எழும் உணர்ச்சிகளை நாம் மறைக்க வேண்டுவதில்லை. முதலில் துயரம். அடுத்து, "இவனைப் போன்றவனைச் சித்திரவதை செய்தல் வேண்டும்" என்னும் சினம். அதனை அடுத்து, "என் பிள்ளையைக் காக்க என் கையிலும் ஒரு துப்பாக்கி இருந்தால் நலம்" என்னும் அச்சம். இம்மூன்றும் எமக்கும் எழுந்தவையே. ஆனால் சினமும் அச்சமும் எங்கே போய் முடிகின்றன என்று பாருங்கள். இரண்டும் ஆயுதத்திடமே போய்ச் சேர்கின்றன. படைக்கலம் ஏந்தியவனிடமிருந்தே அச்சம் பிறக்கிறது என்று சுத்தநிபாதத்தின் அத்ததண்ட சூத்திரத்தில் பகவான் போதித்தார். அச்சத்தைப் போக்கிக்கொள்ள ஒருவன் ஆயுதம் எடுக்கிறான். அதனைக் கண்டு அஞ்சி அடுத்த வீட்டானும் எடுக்கிறான். இருவருடைய அச்சமும் முன்னிலும் பெருகுகிறதேயன்றிக் குறைவதில்லை.

டன்பிளேன் மக்களின் துயரம் அவ்வழிச் செல்லவில்லை. அம்மார்ச்சு மாதக் குளிரில் பூத்திருந்த சிறு வெண்மலராகிய 'ஸ்நோடிராப்' என்பதன் பெயரைச் சூட்டிக்கொண்டு, கைத்துப்பாக்கிகளைத் தடை செய்யுமாறு ஓர் இயக்கம் எழுந்தது. ஏழு லட்சத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனு அரசிடம் அளிக்கப்பட்டது. லார்டு கல்லன் என்னும் நீதிபதி விசாரணை நடத்தி, 1996 அக்டோபரில் அறிக்கை தந்தார். 1997-ஆம் ஆண்டு முதற் சட்டம் கைத்துப்பாக்கிகளுள் சிறுகுண்டு வகையொன்று நீங்கலாக மற்றவற்றைத் தடுத்தது. அவ்வாண்டுத் தேர்தலுக்குப் பின் வந்த அரசு இரண்டாவது சட்டத்தால் அவ்வகையையும் தடுத்தது. வட அயர்லாந்தும் ஒரு சில விலக்குகளும் நீங்கலாக, நாடெங்கும் 1,60,000-க்கும் மேற்பட்ட கைத்துப்பாக்கிகள் ஈட்டுத்தொகை பெற்றுக்கொண்டு ஒப்படைக்கப்பட்டன.

இதனால் மனம் நொந்தவர்களும் உண்டு. குறி சுடுதலை விளையாட்டாகப் பயின்று வந்தவர்கள், "ஒருவன் செய்த பாவத்திற்கு எங்களைத் தண்டிப்பதா?" என்று கேட்டனர். பன்னாட்டுப் போட்டிக்குரிய வீரர்கள் பயிற்சிக்காக அயல்நாடு செல்ல நேர்ந்தது. அவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்கள் இழந்ததும் ஓர் இழப்பே. ஆயினும் ஒருவனுடைய பொழுதுபோக்கையும் ஒரு குழந்தையின் உயிரையும் ஒரே தராசில் வைத்தால் எத்தட்டுத் தாழும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

3. கொலையின் ஐந்து உறுப்புகள்

சட்டமா, மனமாற்றமா என்னும் வினாவிற்கு விடை காண, நம் அட்டகதை ஆசிரியர்கள் வகுத்த பகுப்பு ஒன்று பெரிதும் துணை செய்கிறது. பாணாதிபாதம் என்னும் உயிர்க்கொலை நிறைவேற ஐந்து உறுப்புகள் வேண்டும் என்பர். உயிர் ஒன்று இருத்தல், அஃது உயிர் என அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் அவ்வுயிர் நீங்குதல். இவற்றுள் முயற்சியை மேலும் ஆறாகப் பகுத்து, தன் கையாற் கொல்வதை ஒன்றாகவும், எறிபடையால் தொலைவிலிருந்து கொல்வதை மற்றொன்றாகவும் கூறினர். துப்பாக்கி இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது.

இப்பொழுது சிந்தியுங்கள். மூன்றாம் உறுப்பாகிய எண்ணத்தை எந்தச் சட்டமும் தொட முடியாது. ஒருவன் நெஞ்சினுள் நுழைந்து வெகுளியைக் களையும் காவலர் எவரும் இலர். அது சீலமும் தியானமும் செய்ய வேண்டிய பணி. ஆனால் நான்காம் உறுப்பாகிய முயற்சி வெளியுலகில் நிகழ்வது. அதனைச் சட்டம் பற்ற முடியும். துப்பாக்கி செய்யும் தீங்கெல்லாம் இந்த நான்காம் உறுப்பிலேதான். எண்ணத்திற்கும் மரணத்திற்கும் இடையே இருந்த நெடுவழியை அது ஒரு விரலசைவாகக் குறுக்கிவிடுகிறது. தடியெடுத்தவன் கை சலிப்பான், இடையில் ஒருவர் தடுப்பார், சினமும் தணியலாம். விரலசைவிற்குள் தணிவதற்குச் சினத்திற்கு நேரமில்லை. ஆதலின் படைக்கலத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் சீலத்திற்கு மாற்றாகாது. சீலம் பணி செய்வதற்குக் காலம் ஈட்டித் தருவதாகும்.

தம்மத்திலும் இம்முறையே காண்கிறோம். கையில் படைக்கலம் ஏந்தி நிற்கும் நோயற்ற ஒருவனுக்கு பிக்கு தம்மம் உரைத்தலாகாது என்பது விநய விதி. அங்குலிமாலன் பகவானை வணங்கித் துறவு வேண்டுமுன் தன் வாளையும் படைகளையும் பள்ளத்தில் எறிந்தான் என்று சூத்திரம் கூறுகிறது. கை முதலில் ஒழிந்தது; பின்னரே மனம் தெளிந்தது.

4. சட்டத்தின் எல்லை

சட்டத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று மயங்குதலும் வேண்டா. டன்பிளேனுக்குப் பின் பிரிட்டனின் பள்ளிக்கூடம் எதிலும் அத்தகைய துப்பாக்கிப் படுகொலை நிகழவில்லை என்பது உண்மை. ஆனால் 2010-ஆம் ஆண்டு சூன் 2-ஆம் நாள், கம்பிரியா பகுதியில் உரிமம் பெற்ற வேறு வகைத் துப்பாக்கிகளால் ஒருவன் 12 பேரைக் கொன்றான் என்பதும் உண்மையே.

"இவை பிற சமயத்தார் நாட்டில் நிகழ்பவை" என்று நாம் செருக்குறவும் இடமில்லை. பௌத்தர் பெருவாரியாக வாழும் தாய்லாந்தில், 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், பணிநீக்கம் பெற்ற காவலர் ஒருவர் குழந்தைகள் காப்பகத்தில் புகுந்தார். 24 குழந்தைகள் உட்பட 36 பேர் மாண்டனர். அவரிடம் துப்பாக்கியும் இருந்தது. ஆயினும் குழந்தைகளில் பலர் கத்திக்கே இரையாயினர். விகாரைகள் நிறைந்த நாடாயினும், ஒருவன் உள்ளத்தில் தம்மம் இல்லையேல் அவனுக்குப் பயனில்லை. மூன்றாம் உறுப்பு எரிந்துகொண்டிருந்தால் அது வேறு கருவியையும் தேடிக்கொள்ளும்.

தீக நிகாயத்தின் சக்கவத்தி சீகநாத சூத்திரம் இதனினும் ஆழமாகச் செல்கிறது. வறியோர்க்குப் பொருள் வழங்காது விட்டான் ஓர் அரசன், வறுமை பெருகிற்று, வறுமையால் களவு பெருகிற்று. களவை ஒழிக்க அரசன் கள்வனின் தலையைக் கொய்வித்தான். அதைக் கண்ட மக்கள் தாமும் கூரிய வாள்களைச் செய்வித்து ஊர்களைக் கொள்ளையிட்டனர். அரசன் கையிலிருந்தே குடிகள் வாளெடுக்கக் கற்றனர் என்பது இதனால் போதரும். ஆயுதத்தை அடக்கும் அரசு, வறுமையையும் தன் கையிலுள்ள கொடுமையையும் அடக்காவிடின், அதன் சட்டம் வேரை விட்டுக் கிளையை வெட்டுவதாகும்.

5. நம்மவர் எழுப்பும் ஐயம்

ஈண்டு நம்மவர் ஓர் ஐயம் எழுப்புவர். "படை தாங்கும் உரிமை நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டதன்றோ? அதனாலன்றோ அவர்கள் எதிர்த்து நிற்க முடியாது போயினர்? இன்று நாமே ஆயுதக் கட்டுப்பாட்டை வேண்டுவது முறையா?" இது தள்ளத்தக்க ஐயமன்று. வருணமுறை கீழ்மட்டத்தாருக்குப் படைக்கலத்தையும் கல்வியையும் மறுத்தே அவர்களை அடிமைப்படுத்தியது என்று பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1936-இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் கீழவெண்மணியில் 44 பேர் குடிசையில் எரிந்து மாண்ட இரவில், துப்பாக்கிகளோடு வந்தவர்கள் நிலவுடைமையாளர் தரப்பினரே.

அந்நிகழ்ச்சியே விடையும் தருகிறது. ஆயுதம் தாராளமாகப் புழங்கும் இடத்தில் அது பணமும் செல்வாக்கும் உள்ளவனிடமே முதலில் குவிகிறது. எளியவன் கைக்கு வருவது இறுதியில். ஆகவே நடுநிலையோடு செலுத்தப்படும் கட்டுப்பாடு எளியவனுக்கே பெருங்காவல். நடுநிலையோடு என்னும் சொல்லை மறவாதீர்கள். வலியவனின் உரிமச் சீட்டையும் திரும்பப் பெறத் துணியாத சட்டம் காகிதமே.

பாபாசாகேப் அவர்கள் அகிம்சையைக் கோழைத்தனமாகக் கொண்டவர் அல்லர். கொல்லும் விருப்பம் வேறு, கொல்ல நேரும் தேவை வேறு என்று 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் அவர் வேறுபடுத்திக் காட்டினார். எனினும், 1949 நவம்பர் 25-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பேசுகையில், குருதி சிந்தும் முறைகளைக் கைவிட்டு அரசியலமைப்பு வழியையே பற்ற வேண்டும் என்றார். ஏழு லட்சம் கையொப்பங்களால் டன்பிளேன் மக்கள் சென்றதும் அவ்வழியே.

6. நாம் செய்யத்தக்கவை

உபாசகன் செய்யலாகாத ஐந்து வாணிபங்களுள் படைக்கல வாணிபத்தையும் பகவான் சேர்த்தார். ஆதலின் அத்தொழிலால் வரும் ஊதியம் நமக்கு ஆகாது. சிறுவர்க்குத் துப்பாக்கிப் பொம்மை வாங்கித் தருமுன் ஒருகணம் நின்று எண்ணுதல் நன்று. நம் திருமணங்களிலும் ஊர்வலங்களிலும் ஆயுதத்தைப் பெருமைக்கென்று காட்டுதல் கூடாது. பெருங்கொலைச் செய்தி வரும் நாளில், மாண்டோர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும், பின்னர் அந்தக் கொலைஞனின் உற்றார்க்கும் மைத்ரியைச் செலுத்தி, அதன்பின் வாய் திறவுங்கள். அப்பொழுது பேசும் பேச்சில் சினம் இராது, உறுதி இருக்கும்.

கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்:

1. உயிர்க்கொலையின் ஐந்து உறுப்புகள் யாவை? அவற்றுள் சட்டம் பற்றக்கூடியது எது? தம்மம் பற்றக்கூடியது எது?

2. அச்சத்தால் ஆயுதம் தேடும் ஒருவருக்கு அத்ததண்ட சூத்திரத்தைக் கொண்டு எவ்வாறு விடை கூறுவீர்?

3. சக்கவத்தி சீகநாத சூத்திரத்தில் மக்கள் வாளெடுத்தது எதனால்?

4. வலியவரிடமும் எளியவரிடமும் ஆயுதச் சட்டம் ஒரே வகையாகச் செலுத்தப்படுகின்றதா என்பதை உங்கள் ஊரில் எங்ஙனம் கண்காணிப்பீர்?

நமோ புத்தாய.