விரல் கிளிப்பைக் கழற்றாதீர்கள்



நிமோனியா, கொவிட் என்று பெரியாஸ்பத்திரி வார்ட்டில் படுத்திருப்பவர்களின் விரலில் ஒரு கிளிப் மாட்டியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "மெசின் மாட்டிட்டாங்க, இனி ஆள் தேறாது" என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது தப்பு. ஆளைத் தேற்றத்தான் அதை மாட்டுகிறார்கள்.

கிளிப்புக்குள் இரண்டு வெளிச்சம் உண்டு. ஒன்று சிவப்பு, மற்றது கண்ணுக்குத் தெரியாதது. ஒட்சிசன் உள்ள இரத்தம் இந்த வெளிச்சத்தை ஒரு விதமாகவும், ஒட்சிசன் குறைந்த இரத்தம் வேறு விதமாகவும் உறிஞ்சும். அதைக் கணக்குப் பார்த்து ஓர் எண்ணைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. 1970களில் ஜப்பானில் தக்குவோ ஆவோயாகி என்ற பொறியியலாளர் கண்டுபிடித்த வழி இது. சுகமாக இருப்பவருக்கு 95க்கு மேல் காட்டும்.

ஆளைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது! 2020ல் கொவிட் வந்தபோது, நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சிலருக்கே எண் 80க்கும் கீழே இறங்கியிருந்தது. மூச்சு வாங்கவே இல்லை. தொற்று வார்ட்டுக்குள் மிஸ்ஸிமார் அடிக்கடி போய்வரவும் முடியாது. ஒவ்வொரு தடவையும் மாஸ்க், அங்கி எல்லாம் மாற்ற வேண்டும். அதே ஆண்டு சீனாவின் ஷங்காய் நகரில் ஓர் ஆஸ்பத்திரியில், காய்ச்சலை அளக்கும் சின்ன ஒட்டை நோயாளர் உடம்பில் ஒட்டிவிட்டார்கள். சூடு எவ்வளவு என்பது மிஸ்ஸிமார் மேசைக்கே போய்ச் சேர்ந்தது.

ஆனால் கிளிப் சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை. விரல் குளிர்ந்திருந்தால், நகப்பாலிஷ் பூசியிருந்தால், தோல் தடித்திருந்தால் எண் பிழைக்கலாம். நம்ம குளிரும் கொழுந்து பறிக்கும் கையும் தெரிந்ததுதானே. இன்னொன்றும் உண்டு. 2020ல் அமெரிக்காவில் பார்த்த ஓர் ஆய்வில், ஒட்சிசன் குறைந்ததைக் கிளிப் காட்டாமல் விட்டது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. கறுத்த தோலில் எண் கூடுதலாகக் காட்டிவிடுகிறது. ஆகவே எண் நன்றாக இருந்தாலும் மூச்சு முட்டினால், நெஞ்சு இறுகினால், உடனே மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். "மெசின் சரியாத்தானே காட்டுது" என்று பேசாமல் இருக்காதீர்கள்.

நாம் பார்க்கப் போன ஒரு தாத்தா, சோறு சாப்பிட இடைஞ்சல் என்று கிளிப்பைக் கழற்றித் தலையணைக்கடியில் வைத்துவிட்டார். மெசின் கூவ, மகள் அழ, மிஸ்ஸி ஓடிவர, ஒரே அமளி. மிஸ்ஸி ஏசவில்லை. சிரித்துக்கொண்டே அதை இடது கை விரலில் மாட்டிவிட்டு, "இப்ப சாப்பிடுங்க தாத்தா" என்றார்.