தில்லிக்கு வந்த சுழற்கோப்பை

நுழையும்முன்

குடியரசுத் தலைவர் மாளிகையிலிருந்து கிழக்கு நோக்கி வரும் நேர்ச்சாலையில் நின்று இந்தியா கேட்டின் வளைவினூடே பாருங்கள். அதே நேர்கோட்டில், புராணா கிலாவுக்கு முன்னால், ஒரு விளையாட்டரங்கு தெரியும். இன்று அதன் பெயர் மேஜர் தியான்சந்த் தேசிய விளையாட்டரங்கு. வளைகோல் பந்தாட்ட வீரர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கும் அவ்வரங்கில், கால்பந்து வரலாற்றின் மறக்கவியலாத நாள் ஒன்றும் புதைந்து கிடக்கிறது. அந்நாளைப் பற்றியும், அதன் பின் நீலகிரியிலிருந்து தில்லிக்கு வந்த ஓர் அணியைப் பற்றியும் இப்பாடத்தில் அறிவோம்.

மலைமேல் பிறந்த போட்டி

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் கோடை வந்தால் அரசு அலுவலகங்கள் சிம்லாவுக்கு இடம்பெயரும். சுற்றியிருந்த மலைகளில் படைமுகாம்கள் இருந்தன. அம்முகாம்களின் வீரர்களுக்காக 1888ஆம் ஆண்டு ஒரு கால்பந்துப் போட்டி தொடங்கப்பட்டது. தொடங்கியவர் சர் ஹென்றி மார்டிமர் டியூரண்டு. இவர் அப்போது இந்திய அரசின் வெளியுறவுச் செயலராக இருந்தார். ஆப்கானிஸ்தானத்துக்கும் அன்றைய இந்தியாவுக்கும் இடையே 1893இல் வரையப்பட்ட எல்லைக்கோடும் இவர் பெயராலேயே வழங்குகிறது. ஒருவர் பெயரில் ஓர் எல்லையும் ஒரு கோப்பையும்! இரண்டனுள் கோப்பைக்கே நண்பர்கள் மிகுதி.

முதல் ஆண்டுப் போட்டி சிம்லாவை அடுத்த தக்சாய் முகாமில் நடைபெற்றது. ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ் என்னும் படைப்பிரிவு வென்றது. பின்னர் சிம்லாவின் அன்னாண்டேல் திடல் போட்டிக்கு நிலையான இடமாயிற்று.

டியூரண்டு கோப்பையை உலகின் மூன்றாவது பழமையான கால்பந்துப் போட்டி என்று பல நூல்கள் எழுதுகின்றன. வேல்சு நாட்டுக் கோப்பை 1877ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டதால் அக்கூற்றை அப்படியே ஏற்பது கடினம். ஆனால் ஆசியாவில் இதனினும் பழமையான கால்பந்துப் போட்டி இன்று வேறில்லை.

அக்காலத்தில் ஒரு விதி இருந்தது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வெல்லும் அணி கோப்பையைத் தனக்கே உரிமையாக்கிக் கொள்ளலாம். ஹைலாண்டு லைட் இன்ஃபன்ட்ரி 1893 முதல் 1895 வரை வென்று கோப்பையைக் கொண்டு சென்றது. டியூரண்டு இரண்டாவது கோப்பையை அளித்தார். பிளாக் வாட்ச் படைப்பிரிவு 1897 முதல் 1899 வரை வென்று அதனையும் கொண்டு சென்றது. மூன்றாவது கோப்பையை அளித்தபோது, இனி எவரும் நிலையாகக் கொண்டுசெல்லலாகாது என்று முடிவாயிற்று. அன்று முதல் அது சுழற்கோப்பை ஆனது.

இத்தனை ஆண்டுகளிலும் கோப்பையில் பொறிக்கப்பட்ட பெயர்களைப் பார்த்தால் ஒன்று விளங்கும். வென்றவை யாவும் பிரித்தானியப் படைப்பிரிவுகளே. நாடு இந்தியா, திடல் இந்தியாவில், வேடிக்கை பார்த்தோர் இந்தியர். கோப்பை மட்டும் இந்தியர் கைக்கு வரவில்லை. இந்நிலை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

1940ஆம் ஆண்டுத் தொடர்

இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த நேரம். டியூரண்டு கோப்பை அவ்வாண்டு மலையிலிருந்து இறங்கித் தலைநகரான தில்லிக்கு வந்தது. நீங்கள் இந்தியா கேட்டுக்கு அப்பால் காணும் அவ்வரங்கு அப்போது இர்வின் ஆம்ஃபிதியேட்டர் எனப்பட்டது. பாவ்நகர் மன்னரின் நன்கொடையால் 1933இல் எழுப்பப்பட்டது அது.

கல்கத்தாவிலிருந்து முகமதன் ஸ்போர்ட்டிங் என்னும் கழகம் வந்திருந்தது. அதன் முன்வரலாற்றைச் சிறிது அறிந்தால்தான் பின்னர் நடந்தது விளங்கும். 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், கல்கத்தாவின் மோகன் பகான் அணி ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதிப்போட்டியில் கிழக்கு யார்க்‌ஷையர் படைப்பிரிவை 2–1 என வென்றது. பதினொருவருள் ஒருவர் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினர். காலணி அணிந்தோரை வெறுங்காலினர் வென்ற செய்தி நாடெங்கும் பரவியது. ஆயினும் கல்கத்தா லீக் பட்டம் மட்டும் நெடுநாள் இந்தியர்க்கு எட்டவில்லை. 1934இல் அதனை எட்டிய முதல் இந்திய அணி முகமதன் ஸ்போர்ட்டிங். அதோடு நில்லாமல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது.

எப்படி வென்றது? இரண்டு காரணங்களைக் கூறலாம். முதலாவது மழை. வங்காளத்தில் கால்பந்துப் பருவம் மழைக்காலத்தில்தான் உச்சம் அடையும். சேற்றில் வெறுங்கால் வழுக்கும். படைவீரரின் காலணி பற்றிக்கொள்ளும். ‘வெறுங்காலே நம் மரபு’ என்று வீம்பு பேசாமல், ஈரத் திடலில் காலணி அணிந்து ஆட முகமதன் வீரர்கள் பழகினர். இரண்டாவது, ஆட்களைத் தேர்ந்த முறை. உள்ளூரில் மட்டும் தேடாமல், பெங்களூரு முதல் குவெட்டா வரை நல்ல ஆட்டக்காரர் எங்கிருந்தாலும் அழைத்து வந்தனர். ஆகவே அவ்வணி கல்கத்தாவின் அணியாயினும், அதன் வீரர் பலர் பிறந்த ஊரை விட்டு வந்து வேற்றூரில் வாழ்ந்தவர்கள். வீட்டில் ஒரு மொழி, திடலில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி என்று வாழும் நிலை உங்களுக்குப் புதிதன்று.

அக்காலத்தில் டியூரண்டு கோப்பையில் தோற்ற அணி வெளியேற வேண்டியிருந்தது. லீக் போட்டியில் ஒரு நாள் தவறினாலும் மறுநாள் ஈடுசெய்யலாம்; இங்கு அதற்கு அன்று இடமில்லை. ஒரே ஒரு பிழை போதும், தொடர் வண்டியில் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

1940 டிசம்பர் 12ஆம் நாள் இறுதிப்போட்டி. முகமதன் ஸ்போர்ட்டிங்கை எதிர்த்தது ராயல் வார்விக்‌ஷையர் படைப்பிரிவு. அரங்கில் பெருந்திரளான மக்கள் கூடியிருந்தனர். ஊதுகுழலுடன் திடலுக்குள் வந்த நடுவர் கேப்டன் ஹர்னாம் சிங், ஓர் இந்தியர். இதனை எளிதாகக் கடந்துவிடக்கூடாது. ஆட்சி ஆங்கிலேயருடையது, எதிரணி ஆங்கிலேயருடையது, போட்டியை நடத்துவதும் அவர்கள் படையே. அத்தகைய ஆட்டத்தில் எது பிழை, எது கோல் என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் ஓர் இந்தியர் நின்றார். அவர் ஊதினால் ஆங்கிலேய வீரரும் நின்றாக வேண்டும்.

முகமதன் ஸ்போர்ட்டிங் 2–1 என்னும் கணக்கில் வென்றது. டியூரண்டு கோப்பையில் முதன்முறையாக ஓர் இந்திய அணியின் பெயர் பொறிக்கப்பட்டது.

போர்க்காலமாதலால் சிறந்த ஆங்கிலேய ஆட்டக்காரர் பலர் களத்தில் இல்லை. அதனால்தான் இவ்வெற்றி கிட்டியது என்று சொல்வாரும் உளர். போர் ஆங்கிலேய அணிகளை மெலிவித்திருக்கலாம். ஆனால் போருக்கு முன்னரே ஐந்து முறை லீக் பட்டமும், 1936இல் ஐ.எஃப்.ஏ. கேடயமும் வென்ற அணிக்கு, போர்தான் வெற்றி தந்தது என்பது நேர்மையான கணக்கு ஆகாது.

இத்தொடருக்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. தில்லியில் நடந்த முதல் டியூரண்டு தொடர் இது. ஆங்கிலேயர் ஆட்சியில் நடந்த கடைசித் தொடரும் இதுவே. போரும், பின்னர் நாட்டுப் பிரிவினையும் குறுக்கிட, 1941 முதல் 1949 வரை போட்டி நடைபெறவில்லை. 1950இல் மீண்டும் தொடங்கியபோது நாடு குடியரசாகியிருந்தது. அவ்வாண்டு ஹைதராபாத் நகரக் காவல் அணி வென்றது.

நீலகிரியிலிருந்து வந்தோர்

நீலகிரி மாவட்டத்தில் குன்னூருக்கு அருகே வெலிங்டன் என்னும் ஊர் உள்ளது. மதராசுப் படைப்பிரிவின் பயிற்சி மையம் அங்கேயே இருக்கிறது. 1758ஆம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடும் படைப்பிரிவு அது. ‘வீர மதராசி’ என்று தொடங்கும் அதன் போர் முழக்கத்தைக் குடியரசு நாள் அணிவகுப்பைக் காண்போர் அறிவர்.

இம்மையத்தின் கால்பந்து அணி 1955இல் டியூரண்டு கோப்பையை வென்றது. இறுதிப்போட்டியில் இந்திய விமானப்படை அணியை 3–2 எனத் தோற்கடித்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1958இல், கூர்க்கா பிரிகேடு அணியை வென்று மீண்டும் கோப்பையைப் பெற்றது. ஒரு காலத்தில் பிரித்தானியப் படைப்பிரிவுகள் மட்டுமே வென்ற படைவீரர் கோப்பை, தென்னிந்தியப் படைவீரர் கைக்கு வந்தது இவ்வாறுதான். தில்லியின் குளிர்காலம் நீலகிரிக்காரரை அவ்வளவாக அச்சுறுத்தியிராது!

அவ்வணியில் ஆடிய ஒருவர் பீட்டர் தங்கராஜ். பெயரைக் கேட்டதும் தமிழகத்தில் பிறந்தவர் என எண்ணுவோம். அவர் பிறந்தது ஹைதராபாத்தில், 1935 டிசம்பர் 24ஆம் நாள். படையில் சேர்ந்தபோது அவர் முன்கள ஆட்டக்காரர். கோல் அடிப்பது அவர் வேலை. பின்னர் கோல் காப்பாளர் ஆனார். அடிப்பவர் எங்கே அடிக்க எண்ணுவார் என்பதை, முன்பு அடித்துப் பழகியவர் அறிவார் அன்றோ? நெடிய உருவமும் அவருக்குத் துணைநின்றது. 1955, 1958 ஆகிய இரு வெற்றிகளிலும் அவர் பங்கு பெற்றார். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கிலும் 1960இல் ரோம் ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காக ஆடினார். மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. 1958இல் ஆசியாவின் சிறந்த கோல் காப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2–1 என வென்று தங்கம் பெற்ற அணியில் அவரும் ஒருவர். 1967இல் அர்ஜுனா விருது அவருக்கு வழங்கப்பட்டது.

படையிலிருந்து விலகிய பின் அவர் ஆடிய கல்கத்தாக் கழகங்களுள் ஒன்று முகமதன் ஸ்போர்ட்டிங்.

தெரிந்து தெளிவோம்

டியூரண்டு கோப்பையை வெல்லும் அணிக்கு மூன்று கோப்பைகள் வழங்கப்படும். டியூரண்டு கோப்பை, சிம்லா மக்கள் அளித்த சிம்லா கோப்பை, முதல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் 1956இல் நிறுவிய குடியரசுத் தலைவர் கோப்பை என்பன அவை. முன்னைய இரண்டும் சுழற்கோப்பைகள். மூன்றாவதை வென்ற அணியே வைத்துக்கொள்ளலாம்.

மொழி நோக்கு

சுழல் + கோப்பை = சுழற்கோப்பை. நிலைமொழி ஈற்றில் உள்ள லகரம், வருமொழி முதலில் வல்லினம் வரும்போது றகரமாகத் திரிந்தது. பல் + பொடி = பற்பொடி என்பதும் இவ்வாறே. அப்படியாயின் கால் + பந்து என்னவாகும்? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் இவ்விதிப்படியே ‘காற்பந்து’ என எழுதுகின்றனர். தமிழ்நாட்டில் ‘கால்பந்து’ என்பதே பெருவழக்கு. இலங்கைத் தமிழர் ‘உதைபந்தாட்டம்’ என்பர். மூன்றும் ஒரே ஆட்டத்தைக் குறிப்பனவே. இப்பாடநூலில் தமிழ்நாட்டு வழக்கைக் கையாண்டுள்ளோம்.

சொல்லும் பொருளும்

சுழற்கோப்பை – ஆண்டுதோறும் வென்றவரிடம் கைமாறும் கோப்பை
ஈடுசெய்தல் – இழந்ததைச் சரிக்கட்டுதல்
முன்கள ஆட்டக்காரர் – எதிரணியின் கோல் நோக்கித் தாக்கி ஆடுபவர்
பெருவழக்கு – பலரும் பயன்படுத்தும் முறை
வீம்பு – பிடிவாதம்

பயிற்சி

1. டியூரண்டு கோப்பை சுழற்கோப்பையாக மாறியது எவ்வாறு?

2. 1940ஆம் ஆண்டு இறுதிப்போட்டியில் நடுவராக ஓர் இந்தியர் நின்றதை ‘எளிதாகக் கடந்துவிடக்கூடாது’ என்று பாடம் கூறுகிறது. காரணத்தை உம் சொற்களில் எழுதுக.

3. ‘போர்க்காலமாதலால்தான் முகமதன் ஸ்போர்ட்டிங் வென்றது.’ இக்கூற்றை நீர் ஏற்கிறீரா? பாடத்திலிருந்து சான்று காட்டி ஐந்து வரிகளில் விடையளிக்க.

4. சேர்த்து எழுதுக: கல் + தூண், சொல் + பொருள், நூல் + பா.

5. உம் தாத்தா, பாட்டி அல்லது ஊரிலுள்ள உறவினரிடம் தொலைபேசியில் பேசி, அவர்கள் இளமையில் ஆடிய அல்லது கண்ட ஒரு விளையாட்டுப் போட்டியைப் பற்றிக் கேட்டறிக. திடல் எங்கிருந்தது, யார் யார் ஆடினர், வென்றவர்க்கு என்ன கிடைத்தது என்பனவற்றைக் குறித்துக்கொண்டு, அவர்கள் சொன்ன சொற்களையே இயன்றவரை பயன்படுத்தி ஒரு பக்கம் எழுதி வருக. பொருள் விளங்காத ஊர்ச்சொல் இருப்பின் அதனை அடிக்கோடிட்டு வகுப்பில் கேளுங்கள்.